வீடு வாடகைக்கு விடப்படும்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். 'வாடகைக்கு ஓர் அறை தேடிப் பார்' என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். படிப்பதற்காக ஊரைவிட்டு வந்து, கையில் பணமுமின்றி, தெருத்தெருவாய் அலைந்த பிள்ளைகள் அவர்கள் காலத்தில் குறைவு போலும்!

சென்ற ஆண்டு நான் இக்கல்லூரியில் சேர்ந்தபோது என் ஊருக்கும் வகுப்பறைக்கும் இடையே இரண்டு பேருந்துகள் இருந்தன. ஏரியூர்ப் பக்கத்திலிருந்து பென்னாகரத்துக்கு ஒன்று. பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கு மற்றொன்று. காலை ஐந்தே முக்கால் வண்டியைத் தவறவிட்டால் அன்றைக்கு முதல் வகுப்பு போயிற்று. மாலையில் வீடு சேரும்போது விளக்கு வைத்து நெடுநேரம் ஆகியிருக்கும். விடுதியில் இடங்கள் நிரம்பிவிட்டன. ஆகவே, என்னைப் போலவே தொலைவிலிருந்து வந்த நான்கு பேர் ஒன்று சேர்ந்து அறை தேடப் புறப்பட்டோம்.

'வீடு வாடகைக்கு விடப்படும்' என்ற பலகைகளுக்கு நம் நகரில் பஞ்சமில்லை. அவற்றின் அடியில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருப்பதைத்தான் கவனித்துப் படிக்க வேண்டும். 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்றிருக்கும். அதையும் தாண்டி உள்ளே போனால் பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்கள். இப்படி ஒரு வாரம் அலைந்த பின், ஒரு மாடி வீட்டின் மேல் சிமெண்ட்டு அட்டை போட்ட ஓர் அறை காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம்.

வீட்டுக்காரர் நல்லவர். எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து நீர்மோர் கொடுத்தார். படிப்பை விசாரித்தார். பிறகு, "எந்த ஊருப்பா?" என்றார். சொன்னோம். "ஊருல எந்தப் பக்கம்?" என்றார். அதையும் சொன்னோம். கடைசியில், "சரி, நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். ஒவ்வொருவராகச் சொன்னோம். நான்காமவனும் மறைக்காமல் சொன்னான்.

அவர் முகம் சுளிக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. "ரூமு சின்னது தம்பி. மூணு பேருதான் தங்க முடியும். அந்தத் தம்பி மட்டும் வேற எங்கயாச்சும் பாத்துக்கட்டும்" என்றார்.

அறையை அளந்து பார்க்காமலேயே நான்காமவனுக்குப் புரிந்துவிட்டது. "நீங்க இருங்கடா. எனக்குத்தான் பஸ்ஸு இருக்கே" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தான். நாங்கள் இருந்துவிட்டோம்.

அடுத்த மாதமே அதே அறைக்கு நான்காவதாக வேறொரு மாணவரைக் கொண்டுவந்து சேர்த்தார் வீட்டுக்காரர். அறை சின்னதுதான். ஆனால், நால்வருக்கும் போதுமாயிருந்தது.

*

என் தந்தையார் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். அவர் பூசிய சுவர்களுக்குள் எத்தனையோ குடும்பங்கள் பால் காய்ச்சிக் குடியேறியிருக்கின்றன. அவரோ கட்டடத்துக்கு அருகில் போட்ட தகரக் கொட்டகையில் படுத்துக்கொள்கிறார். முதலாமாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் அவருடன் போய்ச் சித்தாள் வேலை பார்த்தேன். அந்தக் கூலியில் ஒரு பழைய மடிக்கணினி வாங்கினேன். அதில்தான், நம் கல்லூரி மாணவர்கள் ஒன்று சேர்ந்து வீடு எடுப்பதற்கு உதவும் ஒரு வலைத்தளத்தைக் கட்டத் தொடங்கினேன். "நீ கட்டுற வீட்டுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட்டு ஆவும்?" என்று என் தந்தையார் சிரித்துக்கொண்டே கேட்டார்.

சிமெண்ட்டு வேண்டியதில்லை, ஆனால் அஸ்திவாரம் வேண்டும். கணினி அறிவியல் படிக்காத நண்பர்களுக்காகச் சுருங்கச் சொல்கிறேன். பி.எச்.பி. என்னும் நிரல்மொழியும், மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளும் 1995-ஆம் ஆண்டில் வெளிவந்தவை. இரண்டுமே காசு கொடுக்காமல் கிடைப்பவை. இவற்றைக் கொண்டு மூன்று அட்டவணைகள் அமைத்தேன். முதலாவதில் வீடுகள், இரண்டாவதில் மாணவர்கள், மூன்றாவதில், எந்த மாணவர் எந்த வீட்டைக் கேட்டார், வீட்டுக்காரர் என்ன பதில் சொன்னார் என்பவை. இம்மூன்றாம் அட்டவணைதான் பின்னால் எனக்குப் பாடம் புகட்டியது.

பணக்கணக்குப் போடவும் ஒரு பக்கம் வைத்தேன். மாத வாடகை 6,000 ரூபாய் என்றால் நால்வர் பகிரும்போது ஆளுக்கு 1,500 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. ஆகவே, இன்னும் 500 ரூபாய் தேடினால் தலைக்கு மேல் ஒரு கூரை! நம்மைத் திணறடிப்பது முன்பணந்தான். பத்து மாத முன்பணம் என்றால் 60,000 ரூபாய்; ஆளுக்கு 15,000. நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்பதும் அதன் விதிகள். அந்தக் கணக்குப்படி முன்பணம் 18,000, ஆளுக்கு 4,500. இச்சட்டத்தை எளிய தமிழில் எழுதித் தளத்தின் முகப்பிலேயே போட்டேன். பெண்கள் தங்கும் தனியார் விடுதிகள் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பதால், உரிமம் காட்டிய விடுதிகளை மட்டுமே சேர்த்தேன். மாணவியரின் தொலைபேசி எண்ணை யாரும் பார்க்க முடியாதபடி மறைத்தேன்.

கல்லூரி திறப்பதற்குள் 23 வீடுகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு வீட்டுக்கும் நானே நடந்து போய், குழாயில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்து எழுதினேன். அப்படிப் போன இடத்தில் ஒரு பெரியவர், "எல்லாம் சரி தம்பி, என்ன ஆளுங்கன்னு ஒரு கட்டம் போட்டுடு. எங்களுக்கு லேசா இருக்கும்" என்றார். "அது மட்டும் முடியாதுங்க ஐயா" என்று கூறிவிட்டு வந்தேன். சென்ற ஆண்டு திண்ணையில் வாய் திறவாமல் இருந்தவன் இன்று துணிந்துவிட்டான் என்று அன்றிரவு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

*

கல்லூரி திறந்த இரண்டாம் வாரம். ஆய்வகத்துக்கு வெளியே முதலாமாண்டு மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். "அண்ணா, உங்க சைட்டுல எனக்கு மட்டும் ஏதோ கோளாறுண்ணா. எந்த வீட்டைக் கேட்டாலும் நிரம்பிடுச்சுன்னே வருது" என்றான்.

நிரலில்தான் பிழை இருக்கும் என்று எண்ணி, அன்று மாலை முழுவதும் வரி வரியாகத் தேடினேன். ஒரு பிழையும் அகப்படவில்லை. பிறகு மூன்றாம் அட்டவணையைத் திறந்தேன். அவன் ஏழு வீடுகளைக் கேட்டிருந்தான். ஏழு வீட்டுக்காரர்களும் 'இடம் நிரம்பிவிட்டது' என்று பதில் தந்திருந்தார்கள். அந்த ஏழில் நான்கு வீடுகள் அதற்கு இரண்டொரு நாள் கழித்து வேறு மாணவர்களுக்குத் தரப்பட்டிருந்தன. நிரம்பிய வீடு மீண்டும் எப்படிக் காலியாயிற்று? அவனைப் பற்றிய வரியை முழுதும் படித்தேன். பெயர், துறை, ஆண்டு, முழு முகவரி. அந்த முகவரியில், ஊர்ப் பெயருக்கு முன்னால், 'காலனி' என்று ஒரு சொல் இருந்தது.

நகரத்தில் அச்சொல்லுக்கு ஒரு பொருள். நம் சிற்றூர்களில் வேறொரு பொருள். அதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தீண்டாமையின் குறியீடாக மாறிவிட்டதனால் அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்திலேயே அறிவித்தார். அரசு நீக்க முற்பட்ட சொல்லை நான் என் கையாலேயே கேட்டு வாங்கி, வீட்டுக்காரர்களின் கண்முன் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்!

மேலும் தேடினேன். முகவரியில் அதே சொல்லை எழுதிய மாணவர்கள் இன்னும் மூவர் இருந்தார்கள். மூவருக்கும் அதே பதில். அந்தப் பெரியவர் கேட்ட கட்டத்தை நான் போட மறுத்தது உண்மை. ஆனால் 'முழு முகவரி' என்ற பெயரில் அதே கட்டம் முதல் நாளிலிருந்தே என் படிவத்தில் இருந்திருக்கிறது. ஏன் கேட்கிறோம் என்று ஒரு கணமும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. எல்லாப் படிவங்களும் கேட்கின்றன, நானும் கேட்டேன். வீட்டுக்காரர் திண்ணையில் மோர் கொடுத்துக் கேட்ட கேள்வியை, என் தளம் மோர்கூடக் கொடுக்காமல் கேட்டுவிட்டது.

*

நெஞ்சு பொறுக்காமல் பேராசிரியர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் இரண்டு செய்திகளைப் படித்து வரச் சொன்னார்.

முதலாவது, நம் நாட்டுச் சட்டம். 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் என்று இயற்றப்பட்டு, 1976-இல் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டம் அது. தீண்டாமையின் பெயரால், ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுப்பது அதன்படி குற்றம். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால், 'இடம் நிரம்பிவிட்டது' என்ற இரண்டு சொற்களை எந்தக் காவலர் வந்து பிடிப்பார்?

இரண்டாவது, அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு. ரூம்மேட்ஸ்.காம் என்பது, வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடுவோருக்கான வலைத்தளம். அதில் சேருகிறவர்கள் தங்கள் பால், பாலியல் நாட்டம், உடன் குழந்தைகள் இருப்பார்களா என்பவற்றைப் பட்டியலிலிருந்து தேர்ந்து அப்போது சொல்லியே தீர வேண்டியிருந்தது. வீட்டு வசதியில் பாகுபாடு கூடாதென்னும் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தை இது மீறுவதாக வழக்குத் தொடர்ந்தார்கள். பிறர் எழுதியதற்கு வலைத்தளம் பொறுப்பாகாது என்று 1996-இல் வந்த சட்டம் கூறுகிறது. ஆகவே எங்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்றது அந்நிறுவனம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் அளித்த தீர்ப்பில், பயனர் தாமாக எழுதும் திறந்த பெட்டிக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு என்றது. ஆனால் கேள்வியையும் விடைப் பட்டியலையும் வகுத்துக் கொடுத்து, பதில் சொல்லும்படி கட்டாயப்படுத்தியது தளமே. அந்த அளவில் பாதுகாப்பு இல்லை என்றும் கூறியது. படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. முகவரியைக் கேட்டது யார்? நான்தானே!

ஆனால் அக்கதை அங்கு முடியவில்லை. அதே நீதிமன்றம் 2012-இல், ஒருவர் தம் வீட்டுக்குள் தம்மோடு யார் தங்குவது என்று தேர்ந்துகொள்வதற்கு அந்த 1968-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்துவிட்டது. பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறவரைத் தேர்ந்தெடுப்பது அவரவர் சொந்த விஷயம் என்பது அதன் கருத்து.

இதை நான் பல இரவுகள் எண்ணிப் பார்த்தேன். நியாயமாகவே படுகிறது. 'வாடகைக்கு விடப்படும்' என்று வீதியில் பலகை தொங்கவிட்டவர் ஒரு வணிகம் செய்கிறார். அவருக்கு ஒரு நீதி. ஓர் அறையில் சேர்ந்து சமைத்துப் படுத்து எழப் போகிறவர்களுக்கு வேறொரு நீதி. ஆனால் அந்த இரண்டாம் நீதி என்னைத்தான் திரும்பிப் பார்த்தது. எங்கள் நான்காமவனை விட்டுவிட்டுத் தங்குவது என்று முடிவு செய்தது யார்? வீட்டுக்காரர் மூவர் தங்கலாம் என்றார். 'அப்படியானால் எங்களுக்கு வேண்டாம்' என்று சொல்ல எங்களுக்கும் வாய் இருந்ததல்லவா? எந்தச் சட்டமும் எங்களைத் தடுக்கவில்லை. எந்தச் சட்டமும் எங்களைக் கேள்வி கேட்கவும் போவதில்லை.

*

அன்றே படிவத்திலிருந்து முகவரிக் கட்டத்தை அழித்தேன். தரவுத்தளத்திலிருந்தும் அந்தப் பத்தியை அடியோடு நீக்கினேன். இப்போது வீட்டுக்காரர் பார்ப்பது, எத்தனை பேர், எந்தத் துறை, எந்த ஆண்டு, எந்தத் தேதி முதல் வேண்டும் என்பவற்றை மட்டுமே. பெயர்கள்கூட அவர் சம்மதம் சொன்ன பிறகுதான் தெரியும். இன்னொன்றும் செய்தேன். ஒருவரிடம் 'இடம் நிரம்பிவிட்டது' என்று சொன்னால், அந்த வீடு முப்பது நாள்களுக்குப் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். நிரம்பிய வீட்டை மற்றவருக்கு எதற்குக் காட்டுவது?

முதன்முதலில் இதை நான்காமவனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் பொறுமையாகப் பார்த்தான். "கட்டத்தை அழிச்சுட்ட, சரி. போன்ல கேப்பாங்களே, அதை எப்படிடா அழிப்ப?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமலே, "அன்னைக்கு நீங்க மூணு பேரும் ஏண்டா ஒண்ணுமே கேக்கல?" என்றான். ஓராண்டு கழித்துக் கேட்டான். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

இருபத்து மூன்று வீடுகளில் ஒன்பது வீடுகளின் உரிமையாளர்கள் விலகிக்கொண்டார்கள். 'யாருன்னே தெரியாம எப்படி வீடு குடுக்கறது' என்றார்கள். மீதம் 14. அவற்றுள் ஒன்று, பேருந்து நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு பாட்டியம்மாவின் வீட்டுப் பின்கட்டு. "யாரா இருந்தா என்ன சாமி? மோட்டாரைப் போட்டுட்டு மறந்து தூங்காம இருந்தாச் சரி" என்றார் அவர். படிவமே தேவையில்லாத வீடு அது.

மாடி அறையைக் காலி செய்துவிட்டு நாங்கள் மூவரும் அங்கே குடிபோனோம். நான்காமவனையும் அழைத்தோம். "இன்னும் ஒரு வருஷம்தானேடா. பஸ்ஸு பழகிடுச்சு" என்றான். வற்புறுத்த எங்களுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் செமஸ்டர் தேர்வு நாள்களில் வந்து தங்கிப் படிக்கிறான். புதிதாகச் சேரும் வீடுகளை இப்போது அவன்தான் என்னுடன் வந்து பார்வையிடுகிறான். தாழ்ப்பாளை என்னைவிடக் கவனமாகச் சோதிக்கிறான். இக்கட்டுரையை அவனிடம் படித்துக் காட்டினேன். பெயரைப் போடாமல் எழுது என்றான், வேறொன்றும் திருத்தவில்லை.

ஏழு வீடுகளில் 'இடம் நிரம்பிவிட்டது' என்ற பதில் பெற்ற அந்த முதலாமாண்டுத் தம்பிக்கு எட்டாவது வீடு கிடைத்தது. அவன் தளத்தில் கோளாறு சரியாகிவிட்டதென்று நன்றி சொன்னான். என்ன கோளாறு என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

நண்பர்களே, நாளை நம்மில் பலர் அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் அமர்ந்து படிவங்கள் வகுக்கப் போகிறோம். ஒரு கட்டம் வரையும் முன், இது யாரைக் காட்டிக் கொடுக்கும் என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்போம். அதற்கு முன்னதாக, அடுத்த ஆண்டு அறை தேடிப் போகிற தம்பி தங்கையருக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் சரி என்று சொன்னதும் சாவிக்குக் கை நீட்டிவிடாதீர்கள். எத்தனை பேராக வந்தோம் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். நால்வராகப் போயிருந்தால், நால்வராக உள்ளே நுழையுங்கள். இல்லையேல், நால்வராகவே திரும்பி வாருங்கள்.